தாக்கோ தந்த ஏமாற்றம்

மெக்சிக்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. 1521ஆம் ஆண்டில் ஸ்பானியர் வீழ்த்திய அஸ்தெக் தலைநகராகிய தெனோச்தித்லானின் இடிபாடுகள் மீது எழுந்த நகரம் அது. அதன் நடுவே பரந்து கிடக்கும் சோக்கலோ பெருவெளியை நாள் முழுதும் சுற்றிப் பார்த்தபின், பசியோடு நானும் என் மனைவியும் அண்மையிலிருந்த சிறு உணவுச்சாலை ஒன்றினுள் நுழைந்தோம். தாக்கோவை அதன் தாயகத்திலேயே உண்ண வேண்டுமென்பது எங்கள் நெடுநாள் ஆவல்.

தாக்கோ என்பது யாது? 'தோர்த்தியா' எனப்படும் மெல்லிய சோள ரொட்டியைச் சுடச்சுட எடுத்து, இறைச்சி, வெங்காயம், கொத்தமல்லித்தழை, மிளகாய்ச் சம்பல் ஆகியவற்றை வைத்து மடித்துக் கையால் உண்பதே தாக்கோ. ஏழையும் செல்வரும் தெருவோரத்தில் அருகருகே நின்று உண்ணும் உணவு அது. நாங்கள் கேட்டது 'அல் பஸ்தோர்' என்னும் வகை. லெபனானிலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த முறைப்படி, நிமிர்ந்த கம்பியிற் கோத்த இறைச்சியை அனலிற் சுழலவிட்டுச் சீவியெடுத்து, அன்னாசித் துண்டுடன் தருவர்.

கடையின் சுவர்களில் அகன்ற தொப்பிகள் தொங்கின. இசை காதைத் துளைத்தது. தட்டும் வந்தது. இறைச்சி முன்னரே வெட்டிவைத்து மீண்டும் சூடாக்கப்பட்டது. அன்னாசியில் தகரப் பாகின் இனிப்பே மிஞ்சியது. மிளகாய் முதன்முதலிற் பயிரிடப்பட்ட நாடுகளுள் ஒன்று மெக்சிக்கோ. போர்த்துக்கேயரின் கப்பல்களே 16ஆம் நூற்றாண்டில் அதனை நம் பக்கம் கொணர்ந்தன. அந்த மண்ணிலேயே சம்பலில் மிளகாயைத் தேட வேண்டியதாயிற்று!

இவற்றையெல்லாம் பொறுத்திருப்போம். பொறுக்க இயலாதது தோர்த்தியாவே. குளிர்ந்து விறைத்திருந்த அது மடித்த இடத்தில் வெடித்தது. வாயிலோ காகிதம்போற் கிடந்தது. "இதற்காகவா இத்தனை தூரம் வந்தோம்?" என்றாள் மனைவி. என்னிடம் விடையில்லை.

மறுநாட் காலை, ஒரு சந்தில் சோள ரொட்டி சுடும் கடையொன்றைக் கண்டோம். கையில் துணியுடன் பெண்கள் வரிசையாக நின்றனர். அங்கே சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, கழுவி அரைக்கின்றனர். முன்னாளில் நம் அம்மியை ஒத்த கல்லில் வீட்டுப் பெண்களே அரைத்தனர். சுண்ணாம்பு, மணத்தை மட்டுமா தருகிறது? சோளத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலிற் சேரவும் அதுவே துணை. ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டு சென்றனர். இம்முறையைக் கொண்டு செல்லவில்லை. அதனால் சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலியின் ஏழைகளைப் பெலக்ரா நோய் வாட்டியது. மெக்சிக்கோவின் மரபுவழிச் சமையற்கலையை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றதில் வியப்பில்லை.

அரைக் கிலோ வாங்கினோம். உப்பை மட்டும் தூவிச் சுருட்டி, தெருவில் நின்றபடியே உண்டோம். மனைவி ஒன்றும் பேசவில்லை. இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

எளிய உணவில் குறையை மறைக்க இடமில்லை. முதல்நாட் கடையை மட்டும் கண்டு திரும்பும் பயணி, தாக்கோ இவ்வளவுதான் எனத் தன் ஊரிற் கூறுவான். அவன் இழந்தது ஒருவேளைப் பசியாறல்; அந்த வரிசையில் நின்ற பெண்களோ தம் நற்பெயரையல்லவா இழக்கின்றனர்!