இரண்டாம் பக்கம்

நிர்வாகவியலை நாங்கள் பயிற்சிக் கல்லூரியில் கற்றோம். டெமிங்கின் 14 கோட்பாடுகளை வரிசை பிசகாமல் ஒப்பிப்போம்; பணியிடத்திலிருந்து அச்சத்தை அகற்று என்பது அவற்றுள் எட்டாவது. அந்தத் தேர்ச்சியோடு 1998இல் காவிரிப் படுகையின் சிற்றூர் ஒன்றில், ஒரு வங்கிக் கிளையில், ஒருவர் மேலாளராகவும் மற்றவர் கணக்காளராகவும் ஒரே வாரத்தில் பொறுப்பேற்றோம்.

வங்கிகள் கணினிக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ரங்கராஜன் குழுவின் அறிக்கைகள் 1984இலும் 1989இலும் வந்துவிட்டன. எங்கள் ஊருக்குக் கணினி வர மேலும் பத்தாண்டுகள் பிடித்தன. பேரேட்டுக் கணக்குகளின் இருப்பையெல்லாம் கூட்டினால் பொதுப் பேரேட்டின் தொகையோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவந்த பிறகே கணினியில் ஏற்றுவது முறை. சேமிப்புக் கணக்குப் பேரேடுகள் 22இல் நான்கு ஒத்துவரவில்லை.

அவற்றைக் கவனித்தவர் ஐம்பதைக் கடந்த எழுத்தர். அக்காலத்தில் சேமிப்புக் கணக்குக்கு வட்டி, மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே இருந்த குறைந்தபட்ச இருப்பின் மீதுதான். (அன்றாட இருப்புக்கு வட்டி என்பது 2010 ஏப்ரலில் வந்தது.) பக்கத்தின் மீது விரலை ஓடவிட்டு அந்த இருப்புகளை மனத்திலேயே கூட்டிச் சொல்லிவிடுவார். நாங்கள் வியந்தோம், அவ்வளவுதான். எங்கள் கண்ணை உறுத்தியது அவர் 10.20க்கு வருவது.

ஒரு திங்கட்கிழமை, வாடிக்கையாளர்கள் நின்றிருக்க, முகப்பிலேயே அவரைக் கேட்டுவிட்டோம். கேட்டது எங்களில் யார் என்பதில் இன்றுவரை உடன்பாடில்லை. ஒருவர் மற்றவரைச் சொல்கிறோம். மறுநாள் மெமோ. மூன்றாம் நாள் இரண்டு பக்கத்தில் பதில் வந்தது. முதல் பக்கத்தின் முடிவில் வருத்தம் தெரிவித்திருந்தார். அதுவரை படித்துக் கோப்பில் சேர்த்தோம்.

அதன்பின் அவர் 10 மணிக்கு வந்தார். 5 மணிக்குப் பேனாவை மூடினார். கிளை அமைதியாயிற்று. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒழுங்கைப் பாராட்டி எழுதினார், நாங்களும் நம்பினோம். அது எத்தகைய ஒழுங்கு என்பது காசாளரால் தெரிந்தது. ஒரு மாலை அவர் கணக்கில் 500 ரூபாய் குறைந்திருக்கிறது. எங்களிடம் சொல்லாமல் கைப்பணத்தை வைத்துச் சரிக்கட்டிவிட்டு வீடு சென்றிருக்கிறார். கூடுதலாகப் பெற்றுச் சென்ற வாடிக்கையாளர் அடுத்த வாரம் திருப்பித் தர வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்றோம். "மெமோ வாங்குற வயசில்லை சார்" என்றார். எட்டாவது கோட்பாட்டை எங்களுக்கு அவரைப்போல எவரும் விளக்கியதில்லை. அன்றிலிருந்து, பிழையைச் சொல்ல வருபவரை முதலில் உட்காரவைத்துவிட்டுப் பிறகு பேசுவதென்று வைத்துக்கொண்டோம். ஆனால் பேரேட்டுக்காரரிடம் போய்ப் பேச எங்கள் பதவி இடம் தரவில்லை.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' முன்னும் 'தெரிந்து வினையாடல்' பின்னுமாக அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆளை ஆராய்ந்து தெளிந்த பிறகே வேலையில் அமர்த்துவது. நாங்கள் பின்னதை மட்டும், அதுவும் பாதியளவே செய்துகொண்டிருந்தோம்.

2000இன் இறுதியில் வித்தியாசத் தொகைகளைத் தற்காலிகக் கணக்கொன்றில் கிடத்திவிட்டுக் கணினிக்கு மாறினோம். அந்தச் சமயம் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 15 ஆண்டுப் பணியோ 40 வயதோ நிறைந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். அவர் முதல் நாளே விண்ணப்பித்தார். பொன்னாடை போர்த்தினோம். உள்ளூர ஒரு நிம்மதி இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

2001இல் எங்களுக்கு மாற்றல் வந்தது. கோப்புகளை ஒப்படைக்கும்போது அந்தப் பதில் கையில் அகப்பட்டது. இரண்டாம் பக்கத்தில் நான்கு பேரேடுகளையும் வரிசையாகக் குறித்திருந்தார். ஒன்பதாம் பேரேட்டின் வித்தியாசம் 2,700. ஒன்பதால் வகுபடுகிறது, ஆகவே எங்கோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். பதினேழாவதில் 640, 320 ரூபாய்ப் பற்று ஒன்று வரவாகப் பதிவாகியிருக்கக்கூடும். மாலையில் ஒரு மணி நேரமும், உடன் கற்றுக்கொள்ள இளைய எழுத்தர் ஒருவரும் கிடைத்தால் ஒரு மாதத்தில் முடித்துத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். தேதி, 1999 மார்ச்.

அன்று மாலையே ஒன்பதாம் பேரேட்டை இறக்கினோம். ஒரு பக்கத்தின் அடியில் இருந்த 4,100, மறுபக்கத் தலைப்பில் 1,400 ஆகியிருந்தது. கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பதினேழாவது இரவு வரை பிடிபடவில்லை.

ஞாயிறு காலை அவர் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்திருந்தவர் எழுந்து நின்றார். என்ன சொல்லித் தொடங்குவதென்று தெரியாமல் அந்தப் பக்கத்தின் நகலை நீட்டினோம். வாங்கிப் பார்த்தார்.

"ஒன்பது கிடைச்சிருக்கும். பதினேழு?"

கிடைக்கவில்லை என்றோம். உள்ளே பார்த்து இரண்டு காபி என்று குரல் கொடுத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.