வளை கழலாதவள்

திருக்குறளில் 124-ஆவது அதிகாரத்தின் பெயர் உறுப்புநலனழிதல். பிரிவில் வாடுகிறவளின் கண் பொலிவிழக்கிறது, பசலை படர்கிறது, தோள் மெலிந்து வளை கழல்கிறது. சங்கக் கவிதைகளிலும் இதே கதைதான். இன்றும் நம் பேச்சு மாறவில்லை. "கவலையிலேயே கரைஞ்சுட்டா", "துரும்பா இளைச்சுட்டான்" என்கிறோம். துக்கத்தில் பருக்கிறவர்களுக்கு நம்மிடம் வார்த்தை இல்லை. ஜெர்மன்காரர்களிடம் இருக்கிறது: கும்மர்ஷ்பெக். துக்கக் கொழுப்பு என்று சொல்லலாம். அந்த வார்த்தையைப் படித்த அன்று, யாரோ எனக்குச் சாட்சி சொல்ல வந்ததுபோல இருந்தது.

அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து எட்டு மாதம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அக்காவும் நானும் மாறி மாறி உட்கார்ந்திருப்போம். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு வாய் நிற்கவில்லை. கேன்டீனில் பன் பட்டர் ஜாம், சர்க்கரை தூக்கலாக டீ, ராத்திரி வீட்டுக்கு வந்து லேப்டாப் முன்னாடி க்ரீம் பிஸ்கட். தூக்கம் நாலு மணி நேரம் கிடைத்தால் அதிகம். எட்டு மாத முடிவில் அக்கா 58-லிருந்து 51 கிலோ. நான் 61-லிருந்து 70.

காரியத்தன்று பெரியம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு, "எப்படி ஆயிட்ட பாரு" என்று அழுதார். என்னைப் பார்த்து, "நீயாவது நல்லா இருக்கியே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆறுதல்பட்டுத்தான் சொன்னார். ஆனால் என் உடம்பே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அப்பாவுக்காக நான் வாடவில்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

உடம்பின் கணக்கு வேறு. திடீர் ஆபத்தில் அட்ரினலின் பாய்ந்து பசி அடங்கிவிடும். அதே நெருக்கடி மாதக்கணக்கில் நீண்டால் கார்டிசால் இறங்காமல் நிற்கும். அது பசியைத் தூண்டும். குறிப்பாக இனிப்பையும் கொழுப்பையும் கேட்கும். சேரும் கொழுப்பை வயிற்றைச் சுற்றி வைக்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சிலர் மெலிகிறார்கள், சிலர் பருக்கிறார்கள். தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். 2004-இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். பத்து மணி நேரம் படுத்த நாட்களோடு ஒப்பிட்டால், 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. 'பசிக்குது' என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. ரெண்டே ராத்திரிக்கு இந்தப் பாடு. எங்களுக்கு எட்டு மாதம்.

டயட் சார்ட் எதையும் நான் தொடவில்லை. பட்டினி கிடப்பதும் உடம்புக்கு இன்னொரு நெருக்கடிதான். முதலில் தூக்கத்தைச் சரிசெய்தேன். பத்தரைக்கு மேல் போன் வேறு அறையில். எட்டு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு, டிவி இல்லாமல், அக்காவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து. பிஸ்கட் இருந்த டப்பாவில் வறுகடலை. காலையில் ரெண்டு பேரும் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளைச் சுற்றி நடப்போம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரி.

வேடிக்கை என்னவென்றால், இளைத்தவளுக்கும் பருத்தவளுக்கும் மருந்து ஒன்றுதான். வேளைக்குச் சாப்பாடு, தூக்கம், நடை, கூடப் பேச ஓர் ஆள். ஒரு வருஷத்தில் அவளுக்கு நாலு கிலோ ஏறியது, எனக்கு ஐந்து இறங்கியது. மிச்சம் நாலு கிலோ இன்னும் இருக்கிறது. அதோடு எனக்குச் சண்டை இல்லை.

ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போது அக்கா கேட்டாள்: "ஆஸ்பத்திரில அவ்ளோ சாப்பிடுவியே, உனக்கு அப்போ பசிச்சுதாடி?"

"இல்லக்கா. ஒருநாள்கூட பசிக்கல."

"எனக்கும்தான்டி," என்றாள்.