ஒரே வேரில் பரிசும் நஞ்சும்

ஜெர்மனியில் ஒரு டப்பாவின் மேல் 'கிஃப்ட்' என்று எழுதியிருந்தால் அதைத் தொடக்கூடாது. அங்கே கிஃப்ட் என்றால் விஷம். எலிப்பாஷாணம் 'ரட்டன்கிஃப்ட்'. ஆங்கிலேயர் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் பரிசுக்கும் எழுத்து மாறாமல் அதே சொல்தான். ஸ்வீடனுக்குப் போனால் அது விஷத்தையும் குறிக்கும், கல்யாணமானவரையும் குறிக்கும்.

இது தற்செயல் ஒற்றுமை அல்ல. எல்லாம் 'கொடு' என்ற ஒரே பழைய ஜெர்மானிய வேரில் முளைத்தவை.

கொடை எப்படி விஷமானது? கிரேக்கர்கள் அளந்து கொடுக்கும் மருந்தை 'டோசிஸ்' என்றார்கள், நேர்ப்பொருள், கொடுத்தல். அது லத்தீன் வழியாக வந்தபோது ஜெர்மானியர் தங்கள் கிஃப்ட்டையே அந்தப் பொருளிலும் ஆண்டார்கள். கொல்வதற்குக் கொடுத்ததையும் 'கொடுத்தது' என்றே நாசூக்காகச் சொல்ல முடிந்தது. மெல்ல மெல்ல நல்ல பொருள் தேய்ந்து, விஷம் மட்டும் மிஞ்சியது. பிரெஞ்சின் 'புவாசோன்' என்ற விஷமும் இப்படித்தான். அதன் லத்தீன் மூலத்துக்கு வெறும் பானம் என்றே பொருள். மனிதர்கள் நஞ்சை நஞ்சென்று சொல்லக் கூசியதன் தடம் இது.

கல்யாணமும் விஷமும் ஒரே சொல்லா என்று ஸ்வீடனில் கேலி பேசுவார்கள். சொல்லின் வரலாறோ கேலியைவிடக் கனமானது. தகப்பன் பெண் கொடுத்தான். கொடுக்கப்பட்டவள் 'கிஃப்ட்' ஆனாள். இன்று ஆணையும் அதே சொல்லால் குறிக்கிறார்கள்.

பழைய ஆங்கிலத்திலும் இந்தச் சொல் மணப்பெண்ணுக்குத் தரும் பரிசப் பணத்தையே குறித்தது. அப்போது அதன் ஒலி 'யிஃப்ட்'. இன்றைய அழுத்தமான 'கி', கடல் கடந்து வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பேச்சிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஸ்வீடிஷ் மொழியிலோ அந்தக் 'கி' பின்னாளில் குழைந்து 'யி' ஆகிவிட்டது. ஆக, இங்கிலாந்து கைவிட்ட ஒலியை இன்று ஸ்டாக்ஹோமில் கேட்கலாம்!

டச்சுக்காரர்கள் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. கடைசி எழுத்து இருந்தால் கொடை. அதைக் கழற்றிவிட்டால் விஷம்.

ஜெர்மனிலும் பழைய பொருள் அடியோடு அழிந்துவிடவில்லை. பெண்ணோடு அனுப்பும் சீருக்கு அங்கே 'மிட்கிஃப்ட்', கூடக் கொடுத்தது, என்று பெயர். முன்பு பெண்பாலாக இருந்த கிஃப்ட், விஷம் என்ற பொருளில் அஃறிணைப் பாலுக்கு மாறிவிட்டது. மிட்கிஃப்ட் மட்டும் இன்னும் பெண்பாலாகவே இருக்கிறது.