மூலைப் பூக்களைப் பிரித்தெடுத்தேன்

என் பெயர் போட்டு விற்ற ஒட்டுத்துணிப் போர்வைகளில் ஒரு வரிசை என்னுடையதல்ல. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், யெல்லாப்பூர் பக்கத்துக் காட்டோரக் கிராமம் ஒன்றில் வாழும் ஒரு பெண்ணிடம் பார்த்துக் கற்றது. அவரைப் பற்றி நான் எங்கும் வாய் திறக்கவில்லை. கேட்டவர்களிடம் வேறொருவர் பெயரைச் சொன்னேன். நடந்ததை முழுசாக எழுதுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

அறியாமல் செய்தேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை. நவீன குவில்ட் என் தொழில். ஒற்றை வண்ணத் துணிகளை மனம்போல வெட்டி, கட்டங்களுக்குள் அடைபடாமல், நிறைய வெற்றிடம் விட்டுத் தைக்கும் போக்கு அது. 2009-இல் அமெரிக்காவில் அதற்கென ஒரு சங்கம் தொடங்கியது. 2013-இல் ஆஸ்டினில் அதன் முதல் பெரிய கண்காட்சி நடந்தது. அந்தப் போக்குக்கு ஊற்றானவர்களில் முக்கியமானவர்கள் அலபாமாவில் ஓர் ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஜீஸ் பெண்ட் ஊரின் கறுப்பினப் பெண்கள். கிழிந்துபோன வேலை உடுப்புகளை வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டியது. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலையாக வெளியிட்டது. மறு வருடம் அந்தப் பெண்களில் சிலர், தங்களுக்கு உரியது வந்து சேரவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். இந்தக் கதையை என் வகுப்புகளில் உருக்கமாகச் சொல்வேன். சொல்லிக்கொண்டே நானும் அதைத்தான் செய்தேன்.

யெல்லாப்பூர்ப் பெண் சித்தி இனத்தைச் சேர்ந்தவர். போர்ச்சுகீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அந்தப் பகுதியில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். பழந்துணியில் அவர்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். நான் அவரை அக்கா என்று அழைத்தேன். பேச்சுக்குத் துணையாக அந்த ஊர்க் கல்லூரி மாணவி ஒருத்தி வந்தாள். பக்கத்தில் உட்காரவைத்து, சோறு போட்டு, கேட்டதையெல்லாம் அக்கா காட்டினார். காசு கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

நான் படித்த முறையில் முதலில் துண்டுகளை இணைத்து மேல்துணியை முடிக்க வேண்டும். பிறகு பஞ்சு வைத்து எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அக்காவுக்கு இரண்டும் ஒரே வேலை. பழைய புடவை ஒன்றைத் தரையில் விரிக்கிறார். ஓரத்தில் தொடங்குகிறார். துண்டின் விளிம்பை விரலால் மடித்துச் சொருகி, ஓட்டுத் தையல் போட்டபடியே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறார். அளவுகோல் இல்லை, சாக்கட்டி இல்லை. கடைசியில் நான்கு மூலையிலும் துணியை மடித்து மடித்து ஒரு பூ வைக்கிறார். பூ இல்லாத கவந்தி அம்மணமாக இருக்கும் என்பார்கள் அந்தப் பெண்கள்.

சென்னைக்கு வந்து அதையே தைத்தேன். புதுத் துணி, அடங்கிய வண்ணங்கள். நான் செய்த மாற்றம் அவ்வளவுதான். மஞ்சள் பட்டைக்குப் பக்கத்தில் சட்டென்று ஒரு கருநீலத் துண்டை வைக்கும் துணிச்சல்கூட அவருடையது. முதல் போர்வையில் மூலைப் பூக்களையும் வைத்திருந்தேன்.

அதைக் கண்காட்சி ஒன்றில் வைப்பதற்கு முந்தைய இரவு விரித்துப் பார்த்தேன். பூக்கள் காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரிந்தது. கவந்தியை ஒருமுறை பார்த்தவர்கள் அந்த மூலையைக் கண்டதும் பிடித்துவிடுவார்கள். சின்னக் கத்தரியை எடுத்து ஒவ்வொரு பூவாகப் பிரித்தேன். ஊசித் துளைகள் தெரிந்தன. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு அவற்றையும் மறைத்தேன். கை நடுங்கவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவள் பூவை ஏன் பிரிக்க வேண்டும்?

மறுநாள் ஒருவர், "இந்த ஐடியா உங்களுக்கு எங்கேருந்து வந்தது?" என்று கேட்டார். "பால் க்ளே" என்றேன். க்ளே 1914 ஏப்ரலில் நண்பர்களோடு துனீசியா போனார். அதற்குப் பிறகு அவர் படங்களில் வண்ணச் சதுரங்கள் பெருகின. இதெல்லாம் உண்மை. அந்தப் படங்களை நான் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பதும் உண்மை. அந்தப் போர்வையில் அவருக்கு ஒரு துண்டுகூடப் பங்கில்லை. ஓவியமும் பயணமும் தந்த ஊக்கம் என்று நீட்டி முழக்கினேன். போர்வையோடு கொடுக்கும் அட்டையிலும் அப்படியே அச்சடித்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். க்ளேயைச் சொன்னால் என் போர்வை கலை. அக்காவைச் சொன்னால் கைவினை. விலை பாதியாகக் குறையும். பணத்தைவிடப் பெரியது அகந்தை. ஐரோப்பிய ஓவியரிடம் கற்றேன் என்பதில் எனக்குக் கௌரவம் இருந்தது. கூலிவேலைக்குப் போகும் ஒரு பெண் என் குரு என்று சொல்ல வாய் வரவில்லை. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் நான் செய்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

வகுப்பில் அந்தத் தையலை என் சொந்த முறை என்று சொல்லிக் கட்டணம் வாங்கினேன். ஒரு மாணவி, "மேடம், இதை ஹளியாள் பக்கம் பார்த்த மாதிரி இருக்கே?" என்று கேட்டாள். ஹளியாளும் சித்திப் பெண்கள் கவந்தி தைக்கும் பகுதிதான். "சரியா பார்க்கத் தெரியாம பேசாதே" என்று எல்லார் முன்னாலும் அடக்கினேன். அவள் முகம் சுருங்கியது. பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை.

பின்பு யெல்லாப்பூரிலிருந்து அந்தக் கல்லூரி மாணவி ஃபோன் செய்தாள். அக்காவும் பக்கத்துப் பெண்களும் சேர்ந்து தைப்பதை பெங்களூர்க் கடைக்காரர் ஒருவர் வாங்கிவந்தார். அந்த வருடம் சரக்கைத் திருப்பிவிட்டார். சென்னையில் ஓர் ஆர்ட்டிஸ்டின் டிசைனை இவர்கள் காப்பி அடித்துவிட்டார்கள் என்றாராம். தாயிடம் கற்றதை வைத்திருந்த பெண்மீது திருட்டுப் பட்டம் விழுந்தது. மழைக்கு முன் கூரை ஓடு மாற்ற வைத்திருந்த கணக்கு அந்தப் பணத்தை நம்பித்தான். அந்த மழைக்காலம் முழுக்க அவர் வீடு ஒழுகியது.

போனேன். அவர் திட்டவில்லை. என் போர்வையின் படத்தைப் பார்த்து, "பூ எங்கே?" என்று கேட்டார். நான்தான் பிரித்தேன் என்றேன். விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை. உங்கள் பெயரைப் பத்திரிகையில் போடட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். "பேப்பர்ல வேண்டாம், வாங்கினவங்ககிட்ட சொல்லு" என்றார். இங்கேயும் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

வாங்கியவர்களுக்குச் சொல்கிறேன். ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றிவரும் தையலோடு, பின்பக்கம் என் கையெழுத்துள்ள போர்வை உங்களிடம் இருந்தால், அதோடு வந்த அட்டையைக் கிழித்துப் போடுங்கள். அது சித்தி இனப் பெண்களின் கவந்தியைப் பார்த்துத் தைத்தது. வேண்டாம் என்று தோன்றினால் திருப்பி அனுப்புங்கள், கொடுத்த பணத்தைத் தந்துவிடுகிறேன். புதிதாக வாங்க நினைப்பவர்கள் யெல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துப் பெண்களிடம் நேரடியாக வாங்குங்கள்.