கட்டத்துள் மறைந்த சொல்

புதுவையிலிருந்து கடலூர் நோக்கித் தெற்கே செல்லும் பெருஞ்சாலையினின்று விலகிக் கிழக்கே கடற்பக்கம் நடப்பவர், மணப்பட்டு என்னும் சிற்றூரை அடைவர். பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஊர் அது. சவுக்குத் தோப்பின் இரைச்சல் எது, அலையின் இரைச்சல் எது என்று புதியவர் பிரித்தறிதல் அரிது. புதுவை ஆட்சிப் பகுதியின் படத்தை விரித்து நோக்கினால், அஃது ஒரே நிலமாக அமையாது, இடையிடையே தமிழ்நாட்டு ஊர்கள் புகுந்து நிற்கத் துண்டு துண்டாகக் கிடப்பது தெரியும். 1954ஆம் ஆண்டு வரை நீடித்த பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற எல்லைகள் அவை. கறுப்புக் கட்டமும் வெள்ளைக் கட்டமும் விரவிய குறுக்கெழுத்துப் படத்தை அத்தோற்றம் ஒத்திருக்கிறதென்று அவ்வூர்ச் சிறுவன் ஒருவன் ஒருநாள் வகுப்பில் கூறினான். அவனுக்கு அந்நாளில் காண்பதெல்லாம் கட்டமாகவே தோன்றியது.

அதற்குக் காரணம் அவனுடைய தமிழாசிரியர். வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் அவர் கரும்பலகையில் கட்டங்கள் வரைந்து, சில குறிப்புகளை எழுதுவார். திங்கட்கிழமை விடை கூற வேண்டும். செய்தித்தாள்களில் வருவன போன்று, 'முக்கனிகளுள் ஒன்று' என நேரே கேட்கும் குறிப்புகள் அல்ல அவை. சொல் ஒன்றை உரைக்கும். பொருள் வேறொன்றைச் சுட்டும். அவர் விதித்த கட்டளை ஒன்றே. விடை மட்டும் போதாது. விடை வந்த வழியையும் சொல்லுதல் வேண்டும். வழி சொல்லாதவன் விடை, சரியாயினும் விடையாகாது.

இக்கட்டளையால் அச்சிறுவன் ஒருமுறை தலைகுனிய நேர்ந்தது. 'ஐந்துக்குப் பின் கடலை நோக்கி ஓடும் (2)' என்பது அவ்வாரக் குறிப்பு. ஈற்றில் உள்ள எண், விடையின் எழுத்துகள் எத்தனை என்பதைக் காட்டுவது. மாலை ஐந்து மணிக்குப் பள்ளி விட்டுக் கடற்கரைக்கு ஓடும் பிள்ளைகளையே அவன் நினைத்தான். விடை தோன்றவில்லை. அருகிலிருந்தவன் ஏட்டை ஓரக்கண்ணால் நோக்கி, 'ஆறு' என்று எழுதிக் கொண்டான்.

"விடை உன் ஏட்டில் இருக்கிறது. வழி எங்கே?" என்றார் ஆசிரியர்.

அவன் வாய் திறக்கவில்லை. ஐந்து என்னும் எண்ணுக்குப் பின் வருவது ஆறு. கடலை நோக்கி ஓடுவதும் ஆறு. ஒரு சொல் இருபொருள் தந்து நின்றது என்று ஏட்டுக்குரியவன் எழுந்து விளக்கினான். தென்பெண்ணை கடலிற் கலக்கும் பகுதிக்கு அருகில் வாழ்ந்தும் தனக்கு அது தோன்றாமற் போயிற்றே என்பதைவிட, தோன்றாததைத் தோன்றியதாகக் காட்டினோமே என்பதே அவனை மிகவும் வருத்தியது.

அடுத்த வெள்ளியன்று எழுதப்பட்டது இது: 'மழையில் நனைந்தவளைக் கூர்ந்து பார், உள்ளே ஒன்று கத்தும் (3).'

சனிக்கிழமை மாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. திண்ணையில் ஏட்டை விரித்துக்கொண்டு அவன் மோட்டுவளையைப் பார்த்திருந்தான். அவனுடைய ஆயா முறத்தில் அரிசி புடைத்துக் கொண்டிருந்தார். சிறு வயதிலேயே நாற்று நடவுக்குச் சென்றுவிட்டமையால், அம்மூதாட்டி எழுத்தறியார். ஆயினும் விடுகதை போடுவதில் அத்தெருவில் அவருக்கு இணையில்லை. நடவு வயலில் இடுப்பொடிய நிற்கும் பெண்களுக்கு விடுகதையே களைப்பாற்றும் மருந்தாக இருந்த காலம் ஒன்றுண்டு.

"என்னடா கண்ணு, விளக்கு வைக்கிற நேரத்தில் கூரையை எண்ணிக்கொண்டு இருக்கிறாய்?" என்று அவர் கேட்டார்.

"இது எழுத்து விளையாட்டு ஆயா. உனக்குத் தெரியாது," என்றான் அவன். சொன்ன பின்னரே அச்சொல்லின் கடுமை அவனுக்குப் புலப்பட்டது. முறத்தின் ஓசை சிறிது நேரம் நின்று, மீண்டும் எழுந்தது.

"எழுத்து எனக்குத் தெரியாது. நீ வாயால் சொல்; காதால் கேட்கிறேன்," என்றார் ஆயா.

அவன் படித்துக் காட்டினான். ஒரு பெண் மழையில் நனைந்து வருகிறாள். வீட்டினுள்ளிருந்து யாரோ அவளைத் திட்டுகிறார்கள். திட்டுவது தாயாகத்தான் இருக்க வேண்டும். 'அம்மா' என்பது மூன்றெழுத்து. ஆகவே விடை அம்மா என்று தான் கண்ட முடிவையும் கூறினான்.

ஆயா நகைத்தார். "உன் அம்மாவை 'ஒன்று' என்பாயா? 'உள்ளே ஒருத்தி கத்துவாள்' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ஒன்று என்றால் ஆடோ மாடோ, வேறு ஏதோ. ஆளில்லை."

உயர்திணையையும் அஃறிணையையும் வகுத்துப் பாடம் எழுதித் தேர்வில் மதிப்பெண் பெற்றவன் அவன். எனினும், அவ்வேறுபாட்டை எழுத்தறியாத ஆயா நொடியிற் பிடித்துவிட்டார். திணையை அவர் எங்கும் கற்கவில்லை, அதில் வாழ்ந்திருந்தார்.

"மறுபடி சொல், மெதுவாகச் சொல்."

"மழையில்... நனைந்தவளை..."

"இன்னும் மெதுவாக."

"நனைந்... தவளை..."

சொல்லி முடிக்குமுன் அவன் வாய் அடைத்தது. வெளியே வாய்க்காலில் அவை பெருங்குரலெடுத்துக் கத்திக் கொண்டிருந்தன. நனைந்தவளை என்னும் சொல்லைக் கூர்ந்து நோக்கினால், அதனுள்ளே தவளை அமர்ந்திருக்கிறது! பெண்ணுமில்லை, தாயுமில்லை, திட்டுமில்லை. வாசகன் மனத்தில் ஒரு வீட்டையும் வாசலையும் எழுப்பி, அவனை அங்கே நிறுத்திவிட்டுச் சொல்லுக்குள் விடையை ஒளித்து வைத்திருந்தார் ஆசிரியர். நல்ல மறைகுறிப்பு பொய் சொல்வதில்லை. உண்மையைச் சொல்லியே வழி தப்பச் செய்கிறது.

அடுத்த குறிப்பில் ஆயாவுக்கு இடறல் உண்டாயிற்று. 'விழியோடு ஆனியை அடுத்தது சேர, முகம் தெரியும் (4)' என்பது அது. விழி என்றால் கண்; ஆனிக்கு அடுத்த திங்கள் ஆடி; இரண்டும் சேர்ந்தால் முகம் தெரியும் கண்ணாடி என்று அவர் விரைவில் சொல்லிவிட்டார். ஆனால் விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, "கண்-ணா-டி, மூன்றுதானே? உங்கள் வாத்தியார் நாலு என்கிறார். தப்பு," என்று தலையசைத்தார்.

இப்போது விளக்கும் முறை சிறுவனுடையதாயிற்று. காதுக்கு மூன்று அசைபோலக் கேட்பினும், ஏட்டில் அது க, ண், ணா, டி என நான்கெழுத்து. புள்ளி வைத்த ஒற்றுக்கும் தனிக் கட்டம் உண்டு என்று, ஈரமண்ணில் குச்சியால் கோடிட்டுக் காட்டினான். அரை மாத்திரை ஒலிக்கும் எழுத்துக்கு முழுக் கட்டம் கொடுப்பது முறையன்று என்று ஆயாவுக்குத் தோன்றியிருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை. 'கண்' என்பதன் ஒற்று, பின்னே உயிர் வந்தமையால் இரட்டித்தது என்ற புணர்ச்சி விதியையும் அவன் கூறினான். அவ்விதியைப் பலமுறை மனப்பாடமாக ஒப்பித்தவன், அது ஒரு வேலைக்குப் பயன்படுவதை அன்றுதான் கண்டான். ஆயா குனிந்து, மண்ணிலிருந்த 'ண்' மேல் விரல் வைத்து, புள்ளியைத் தடவிப் பார்த்தார்.

திங்கட்கிழமை அவனே முதலில் கையுயர்த்தினான். தவளையை விளக்கினான். ஆசிரியர் விடவில்லை.

"குறிப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை இருத்தல் வேண்டும். 'மழையில்' என்னும் சொல்லுக்கு என்ன வேலை?"

"மழையில்லாமல் தவளைக்கு ஏது பேச்சு, ஐயா?"

வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். "இவ்விடை உன்னுடையதா?" என்று கேட்டார். கேள்வியில் ஐயமில்லை, ஆர்வமே இருந்தது. ஆமென்று சொல்லியிருந்தால் மறுப்பார் அங்கு எவருமிலர்.

"எங்கள் ஆயாவுடையது, ஐயா. 'ஒன்று' என்றதைக் கண்டுபிடித்ததும், மழையைப் பற்றிச் சொன்னதும் அவர்கள்தாம். கண்ணாடியில் நாலெழுத்து என்பது மட்டும் நான் சொன்னது."

ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் அன்றைய பாடத்தை மூடி வைத்துவிட்டு, இக்கலையின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார்.

குறுக்கெழுத்து என்பது மேலைநாட்டில் அண்மையில் தோன்றியதே. 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்டு' என்னும் செய்தித்தாளில் ஆர்தர் வின் என்பவர் அமைத்த படம் வெளிவந்தது. அதன் குறிப்புகள் நேர்ப்பொருள் கேட்பனவே. மறைகுறிப்புகள் இங்கிலாந்தில் வளர்ந்தன. எட்வர்டு பாவிஸ் மாதர்ஸ் என்னும் எழுத்தாளர் 1926 முதல் 'அப்சர்வர்' இதழில் அவற்றை அமைத்தார். அவர் சூடிக்கொண்ட புனைபெயர் டார்க்கிமாடா. ஸ்பெயினில் சமய விசாரணை நடத்தி மக்களை நடுங்கச் செய்தவனின் பெயர் அது! புதிர் அமைப்பவர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பு இதனால் விளங்கும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 சனவரியில் 'டெய்லி டெலிகிராப்' நாளிதழ் ஒரு போட்டி நடத்தியது. 12 நிமிடங்களுக்குள் புதிரை அவிழ்க்க வேண்டும். அவ்வாறு அவிழ்த்தவருள் சிலர்க்குப் பின்னர் அரசினரிடமிருந்து அழைப்பு வந்தது. பகைவரின் மறைமொழிச் செய்திகளைப் படித்தறியும் பிளெட்சிலி பார்க்கு என்னும் இடத்தில் அவர்கள் பணியமர்ந்தனர். விளையாட்டாகப் பழகிய கண், போரில் பயன்பட்டது.

ஆனால் ஆசிரியர் நெடுநேரம் நின்றது தமிழில்தான். தொல்காப்பியச் செய்யுளியல் 'பிசி' என்று ஓர் இலக்கிய வகையைக் கூறுகிறது; ஆயா போடும் விடுகதையின் பழம்பெயர் அதுவே. தண்டியலங்காரம் சொல்லணியியலில் சித்திரக்கவிகளை வகுக்கிறது. வினாக்கள் பலவற்றின் விடைகளைச் சேர்த்தால் மற்றொரு விடை கிடைப்பது வினாவுத்தரம். கண்ணும் ஆடியும் கண்ணாடி ஆனது அவ்வழியிலேயே. ஒரு செய்யுளின் எழுத்துகளுள் வேறொரு செய்யுள் ஒளிந்திருப்பது கரந்துறை செய்யுள். தவளை ஒளிந்ததும் அம்முறையே. எழுத்தை நீக்க நீக்க வேறு சொல் பிறப்பது அக்கரச்சுதகம். 'கடல் தந்தது தலையிழக்கச் செழிப்பு (3)' என்றால், பவளம் தலையிழந்து வளமாகும். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் பாடிய காளமேகப் புலவரின் சிலேடையோ, 'ஆறு' என்னும் விடைக்குப் பாட்டன் முறை. இங்கிலாந்தில் நேற்றுக் கண்ட உத்திகளுக்கு இங்கே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெயரிட்டு இலக்கணமும் வகுத்திருந்தனர். கட்டம் ஒன்றுதான் புதிது.

அக்கட்டமோ தமிழுக்கு எளிதில் இணங்குவதன்று. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். ஆகவே குறுக்கும் நெடுக்கும் சொற்கள் எளிதில் வெட்டிக்கொள்ளும். தமிழிலோ 247. தவளையின் 'ளை' நிற்கும் கட்டத்தில் நெடுக்காக வரும் சொல்லுக்கும் 'ளை'யே வேண்டும். 'ள' உதவாது, 'ளா' உதவாது. சொல்லைத் திருப்பிப் போடுவதும் அருமையே. புள்ளியெழுத்தில் முடியும் சொல்லைத் திருப்பினால், புள்ளியெழுத்து முதலில் வந்து நிற்கும். அவ்வாறு தமிழ்ச்சொல் தொடங்காது. தேடினால் 'கைதி' திரும்பித் 'திகை' ஆவது போலச் சில அகப்படும். இத்துணை இடர்களுக்கு ஈடாகத் தமிழுக்கு ஒரு நன்மையுண்டு. அதில் எழுத்தும் ஒலியும் நெருங்கியவை. ஆங்கிலப் புதிரை எழுத்தறியாதவர் அவிழ்த்தல் இயலாது. தமிழ்ப் புதிரைக் காது மட்டும் உடையவரும் அவிழ்க்கலாம்.

இந்த இடத்தில் ஆசிரியர் அச்சிறுவனைப் பார்த்தார். பாகூரில் கி.பி. 9ஆம் நூற்றாண்டில் ஒரு கல்விச்சாலை இருந்ததையும், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுவதையும் அவர் சொல்லி முடித்தபோது, அங்கும் வெள்ளிக்கிழமைப் புதிர் உண்டா என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். செப்பேட்டில் அச்செய்தி இல்லை என்றார் ஆசிரியர்.

மாலையில் சிறுவன் இவற்றையெல்லாம் ஆயாவிடம் கூறினான். வெள்ளைக்காரர் போர் அவரைக் கவரவில்லை. "என் பேரைச் சொன்னாயா?" என்று மட்டும் இருமுறை கேட்டார். சொன்னேன் என்றதும் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பின் வெள்ளி மாலைகளில் ஏடு முதலில் ஆயாவிடமே சென்றது. ஆனி மாதத்தில் ஒருநாள், பண்ணுருட்டிச் சந்தைக்குச் சென்று திரும்பியவர், கூடையை இறக்கி வைக்கும்போதே பேரனை அழைத்தார்.

"எழுதிக்கொள். உங்கள் வாத்தியாருக்கு இது என் குறிப்பு. 'கும்பலாய் வந்தார்கள், உள்ளே இனிப்பு, மேலே முள்.' எத்தனை எழுத்து என்று நீயே எண்ணிப் போடு. ஒற்று இருந்தால் அதற்கும் ஒரு கட்டம்."

எண்ணிப் பார்த்தான். ஒற்று இல்லை. அடைப்புக் குறிக்குள் 2 என்று எழுதினான்.