ஷேர்பாயிண்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு அலுவலகத்தில் ஷேர்பாயிண்ட் சர்வர் நிறுவப்போகிறார்கள். "டிஸ்க் எத்தனை ஜிபி வேண்டும்?" என்ற கேள்வி வந்ததும், யாராவது பழைய ஃபைல் சர்வரில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைப் பார்ப்பார். 38 ஜிபி! அப்படியென்றால் 100 ஜிபி தாராளம் என்று முடிவாகிவிடும். வில்லங்கம் தெரிய ஓரிரு வருடம் ஆகும்.

ஷேர்பாயிண்ட் ஆவணங்களை ஃபோல்டரில் போட்டு வைப்பதில்லை. எஸ்க்யூஎல் சர்வரின் கன்டென்ட் டேட்டாபேஸுக்குள் வைக்கிறது. வெர்ஷனிங் இருந்தால், திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய பதிப்பும் உள்ளேயே தங்கும்.

மைக்ரோசாஃப்ட் தரும் சூத்திரம் எளிது. ஆவணங்களின் எண்ணிக்கை, சராசரிப் பதிப்புகள், சராசரி அளவு மூன்றையும் பெருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பதிப்புக்கும், ஒவ்வொரு லிஸ்ட் ஐட்டத்துக்கும் 10 கேபி சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

உதாரணமாக 1 லட்சம் ஆவணங்கள், ஒவ்வொன்றும் 400 கேபி, 3 லட்சம் லிஸ்ட் ஐட்டங்கள். ஒரே பதிப்பு என்றால் சுமார் 42 ஜிபி. ஐந்து பதிப்புகள் என்றால்? சுமார் 198 ஜிபி! ஆவணம் ஒன்றுகூடக் கூடவில்லை.

2013 பதிப்பில் வந்த ஷ்ரெடட் ஸ்டோரேஜ், முழுக் கோப்பையும் மறுபடி எழுதாமல் மாறிய துண்டுகளை மட்டும் சேமிக்கப் பார்க்கிறது. அதனால் உண்மையான அளவு குறையலாம். ஆனால் அதை நம்பி டிஸ்க் வாங்குவது சரியல்ல. அழித்த ஆவணங்களும் உடனே போவதில்லை. ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருப்பது வழக்கமான அமைப்பு. அதுவரை அவையும் டேட்டாபேஸில்தான்.

பொதுவான உபயோகத்துக்கு ஒரு கன்டென்ட் டேட்டாபேஸ் 200 ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை. வேகமான டிஸ்க்கும் சரியான திட்டமும் இருந்தால் 4 டெராபைட் வரை போகலாம். பிறகு ஏன் 200? டேட்டாபேஸ் பெரிதாகப் பெரிதாக, பேக்கப்பிலிருந்து மீட்கும் நேரமும் நீளும். சர்வர் படுத்த அன்று முழு அலுவலகமும் அந்த நேரம்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சைட் கலெக்‌ஷன்களைப் பல டேட்டாபேஸ்களில் பிரித்து வைத்தால், அவசரமானதை முதலில் மீட்கலாம். ஆனால் ஒரு சைட் கலெக்‌ஷனை இரண்டு டேட்டாபேஸ்களாகப் பிரிக்க முடியாது. அதனால் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, டிரான்சாக்‌ஷன் லாக். ஃபுல் ரெக்கவரி முறையில் லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால் அந்தக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். அது இருக்கும் டிஸ்க் நிரம்பிய நிமிடம் யாராலும் எதையும் சேமிக்க முடியாது. டேட்டா டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

ஆகவே பழைய சர்வரின் ப்ராப்பர்ட்டீஸை மட்டும் பார்த்தால் போதாது. கணக்குப் பிரிவில் ஒரு எக்ஸெல் கோப்பை மாதத்துக்கு எத்தனை முறை திருத்துகிறார்கள்? எத்தனை பதிப்புகள் வைத்தால் போதும்? சர்வர் படுத்தால் எத்தனை மணி நேரம் பொறுப்பார்கள்? டிஸ்க் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இவை. பதிலும் அந்த மேஜைகளில்தான் கிடைக்கும்.