டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு கசிவு

ஜனவரி 8

காரின் டாஷ்போர்டுக்குப் பின்னால், பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். எஞ்சினில் சூடேறிய கூலன்ட் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் வந்து, மெல்லிய அலுமினியக் குழாய்களில் ஓடி, இன்னொரு ஹோஸ் வழியாக எஞ்சினுக்கே திரும்புகிறது. அந்தக் குழாய்களின் ஊடே புளோயர் தள்ளும் காற்றுதான் காருக்குள் வெப்பமாக வருகிறது. முன்கண்ணாடியில் படியும் உறைபனியை உருக்குவதும் அதே காற்று. டொரன்டோவின் ஜனவரியில் அது இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது.

ஸ்கார்பரோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்தவெளியில் நிற்கும் பழைய செடானில், இன்று காலை அந்தக் காற்றோடு இனிப்பு வாடை வந்தது. கண்ணாடியின் உட்புறம் மங்கியது. வெறும் நீராவியானால் துணி பட்டதும் போய்விடும். இது துடைக்கத் துடைக்கப் பிசுக்காகப் பரவியது.

ஜனவரி 9

முன்பயணியின் காலடிக் கம்பளத்தில் ஈரம்.

ஜனவரி 11

காருக்குள் ஈரம் என்றாலே ஹீட்டர் கோர் என்று முடிவுகட்டக் கூடாது. ஏசியின் வடிகுழாய் அடைத்தாலும் அதே இடம்தான் நனையும். ஆனால் அது வெயில் காலத்துத் தொல்லை, வருவதும் மணமற்ற தெளிந்த நீர். முன்கண்ணாடியின் அடியிலோ கூரைச் சன்னலின் ஓரத்திலோ நீர் புக வழி இருந்தால், மழைக்கோ பனி உருகும் நாளுக்கோ பிறகு நனையும். காலணியோடு வந்த பனியும் கம்பளத்தில்தான் உருகுகிறது.

பிரித்தறிய ஒரு வெள்ளைக் காகிதக் கைக்குட்டை போதும். ஈரத்தில் அழுத்தி எடுத்தால் தண்ணீர் நிறமில்லாமல் ஊறும். கூலன்ட், தன் சாயத்தைப் பொறுத்துப் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும், விரலிடுக்கில் வழுக்கும். இந்தக் காரில் காகிதம் பச்சையானது. எஞ்சின் பக்கத்துக் கூலன்ட் டப்பாவிலும் மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தது.

ஜனவரி 12

வாடை இனிப்பாக இருப்பதுதான் பயம். கூலன்ட்டின் பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கால். நாவுக்கு இனிக்கும், உடலுக்குள் போனால் ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து படிகங்களாகிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூனைக்குச் சில தேக்கரண்டிகளே உயிர் போகப் போதும். தரையில் சிந்தியதை நாய் நக்கிச் செத்த கதைகள் குளிர்நாடுகளில் அபூர்வமல்ல. ஆகவேதான் சில தயாரிப்புகளில் கசப்புப் பொருளைச் சேர்க்கிறார்கள்.

மூக்கில் படும் ஆவி, குடித்த அளவுக்கு ஆபத்தில்லை. ஆனாலும் மூடிய காருக்குள் நாள்தோறும் சுவாசிக்க வேண்டிய பொருள் அல்ல அது. பின்னிருக்கையில் குழந்தை இருக்கை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. இன்று அது கழற்றப்பட்டு வீட்டுக்குள் போனது. குழந்தைக்கு இனிப் பேருந்துதான்.

ஜனவரி 16

கராஜில் அழுத்தச் சோதனை. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். மூடி இருந்த இடத்தில் கைப்பம்பு பொருத்தி, மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை, அதாவது இங்கே 16 பி.எஸ்.ஐ. வரை, காற்றடித்து அளவுமானியின் ஊசியைப் பார்ப்பார்கள். ஊசி இறங்கினால் எங்கோ கசிகிறது.

ஊசி மெல்ல இறங்கியது. எஞ்சினைச் சுற்றி ஒரு சொட்டும் இல்லை. ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலும் கூலன்ட் வெளியே தெரியாமல் குறையும். கூலன்ட்டில் எஞ்சினின் எரிபுகை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவம் மஞ்சளாகாமல் நீலமாகவே நின்றதால் அந்தப் பெரிய செலவு தப்பியது.

பிறகு மெக்கானிக், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் இடுக்கியால் இறுக்கி அடைத்து மறுபடி காற்றடித்தார். ஊசி அசையவில்லை. இடுக்கியைத் தளர்த்தியதும் இறங்கியது. டாஷ்போர்டைத் தொடாமலே, கசிவு இடுக்கிக்கு அப்பால் உள்ளே என்று ஆயிற்று.

ஜனவரி 19

வழிகள் மூன்று. கசிவடைக்கும் மருந்தை ரேடியேட்டரில் ஊற்றுவது மலிவு. ஓட்டையை அடைக்கும் பொருள் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும், பிறகு கசிவும் இருக்காது, சூடும் இருக்காது. இரண்டாவது, இரண்டு ஹோஸ்களையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்துக் கோரை ஒதுக்கிவிடுவது. எஞ்சின் பிழைக்கும், ஹீட்டர் இறக்கும். மூன்றாவது, புதுக் கோர். பாகத்தின் விலை சிறிது. அதை எட்டும் கூலி பல மடங்கு, ஏனென்றால் பெரும்பாலான கார்களில் டாஷ்போர்டு முழுவதும் வெளியே வர வேண்டும்.

பாகம் வரும்வரை இரண்டாவது வழி.

ஜனவரி 20

மூச்சுக்காற்று கண்ணாடியின் உட்புறத்திலேயே உறைகிறது. காரை எடுக்கவில்லை.

ஜனவரி 27

டாஷ்போர்டு இறங்கியது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஏர்பேக்கின் மின்சேமிப்பு வடியும்வரை காத்திருந்து தொடங்க வேண்டிய வேலை இது. ஏசியின் எவாப்பரேட்டரும் அதே பெட்டிக்குள் இருப்பதால், ஏசி வாயுவை முன்கூட்டியே இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்தார்கள். காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். திருகுகள் இடம் எழுதிய உறைகளில் போயின, ஒவ்வொரு இணைப்பும் கழற்றுமுன் படமெடுக்கப்பட்டது.

சில கார்களில் குழாய் மூட்டின் ரப்பர் வளையம்தான் கசியும். அதை மாற்றினால் போதும். இங்கே அலுமினியமே அரித்து, பக்கத் தொட்டியின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணமாகப் பொரிந்திருந்தது.

ஜனவரி 28

புதுக் கோரைப் பொருத்தி, பேட்டரியைத் திரும்ப மாட்டும்போது, எஞ்சினையும் உடற்தகட்டையும் இணைக்கும் எர்த் ஒயரின் முனை பச்சைப் பொடியாக உதிர்ந்தது. எர்த் சரியில்லாவிட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். கூலன்ட்டும் ஒரு வழி. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கூலன்ட்டில் மட்டும் படும்படி தோய்த்து, மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்தால் அது தெரியும். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் உலோகம் அரிக்கும். இங்கே தாண்டியது. புது ஒயர் போட்டதும் இறங்கியது. பழைய கூலன்ட்டின் அரிப்புத்தடுப்பு தீர்ந்துபோனதும் சேர்ந்து கோரைத் தின்றிருக்க வேண்டும்.

ஜனவரி 29

கூலன்ட்டும் கனிமம் நீக்கிய நீரும் சரிபாதி. அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நீர் கலக்காத கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும். மூக்கு மேடேறி நிற்கும்படி காரை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுக் குமிழிகள் ஓயும்வரை நிரப்பினார்கள். காற்று சிக்கினால் டாஷ்போர்டுக்குள் சலசலப்பு கேட்கும், காற்றும் சூடாக வராது. வடித்த பழைய கூலன்ட் சாக்கடைக்குப் போகாமல் அபாயக் கழிவுக் கிடங்குக்குப் போனது.

வெப்பக் காற்று வருகிறது. வாடை இல்லை.

பிப்ரவரி 6

டப்பாவில் மட்டம் மேல்கோட்டிலிருந்து சற்று இறங்கியிருக்கிறது. மிச்சக் காற்று வெளியேறியதாலும் இருக்கலாம், இன்னொரு கசிவாலும் இருக்கலாம். கம்பளம் உலர்ந்தே இருக்கிறது. குழந்தை இருக்கை இன்னும் வீட்டில்தான். மட்டம் நிற்கும் இடத்தில் டப்பாவின்மேல் கோடு போட்டாயிற்று. அதை எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையில் மட்டுமே பார்க்க வேண்டும். சூட்டில் விரிந்து நிற்கும் மட்டம் கணக்கில் சேராது.